ஈயம் வைத்த செம்பு

தீர்த்தகிரி வீட்டுக் கூடத்தில் நிற்கும் கண்ணாடி பீரோவைத் திருச்செங்கோட்டில் அறியாதவர்கள் கிடையாது. தேர் பார்க்க வருகிற சனம் அப்படியே ஒரு நடை இங்கேயும் வந்து இதையும் பார்த்துவிட்டுத்தான் வண்டி பூட்டுகிறது. பருத்தி அரவை மில்லுக்கு யந்திரம் பார்க்கிறேன் என்று போன வருஷம் சீமைக்குக் கப்பலேறிய மனுஷர், பெண்சாதி உண்ணாமலையையும் மகள் குஞ்சம்மாளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். யந்திரத்தைப் பார்த்தது இரண்டே நாள். மிச்ச நாளெல்லாம் வெனிஸ், புளோரன்ஸ், ரோமாபுரி, பாரிஸ் என்று ஊர் ஊராகச் சிலையும் சித்திரமும் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கூத்தெல்லாம் நம் வாசகர்களுக்கு மனப்பாடம். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டால் போதும். உண்ணாமலையின் கூடப்பிறந்த ஒரே அண்ணன் செல்லமுத்து, “கடல் தாண்டிப் போனவ ஊட்டுல இனி நான் கை நனைக்க மாட்டேன்” என்று சொல்லி உறவை அறுத்துக்கொண்டவர். வருகிற தை மாதம் குஞ்சம்மாளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் கொங்கு நாட்டில் எந்தப் பெண் மணவறை ஏறுவாள்? அந்தக் கவலையில் உண்ணாமலைக்குச் சோறு இறங்கி வெகு நாளாயிற்று.

அன்று ஆவணி வெள்ளிக்கிழமை. உண்ணாமலை பீரோவைத் துடைக்க வந்தாள். மேல் தட்டில் அவள் புருஷன் எடுத்த போட்டோக்கள். நடுத் தட்டில் குஞ்சு வாங்கிச் சேர்த்த படக் கார்டுகள். கீழ்த் தட்டு உண்ணாமலையுடையது. அதில் இருந்தது ஒரே ஒரு பித்தளைச் செம்பு.

குடிதண்ணீருக்கென்று ஊரிலிருந்து அவள் கொண்டுபோன செம்புதான் அது. போன ஊரிலெல்லாம் அந்தந்த ஊர்த் தண்ணீரில் ஒரு கை அள்ளி அதில் விட்டுக்கொண்டாள். “ஊர் ஊராப் பிச்சையெடுக்குது பாரு செம்பு!” என்று தீர்த்தகிரி கேலி பேசினார். திரும்புகிற வழியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், பாத்திரம் அடைக்கிற ஒரு கிழவனைப் பிடித்து, மூடிக்கு ஈயம் வைத்துத் தரச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு அதுதான் புத்தகம். வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கும்போது காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே களுக்கென்று சத்தம் கேட்கும். அன்றைக்கு ஏதாவது ஓர் ஊர் நினைவுக்கு வந்து அவள் தன்னாலே சிரித்துக்கொள்வாள்.

இன்றைக்குக் கீழ்த் தட்டு காலியாக இருந்தது.

“மாரக்கா! இங்க இருந்த செம்பு எங்கெ?”

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த மாரக்காள் நிதானமாக வந்தாள். “அதுங்களா? உங்க அண்ணன் கொண்டுட்டுப் போயிட்டாருங்க.”

“எந்த அண்ணன்?”

“உங்களுக்கு எத்தன அண்ணனுங்க இருக்கறாங்க? நாமகிரிப்பேட்டை அண்ணந்தானுங்க. நேத்து நீங்க மூணு பேரும் கல்யாண விசயமா அஸ்தம்பட்டிக்குப் போயிருந்தீங்களே, அப்ப வந்தாருங்க.”

உண்ணாமலைக்குத் துடைக்கிற துணி கையிலிருந்து நழுவியது. அண்ணன் வந்திருந்தாரா! இந்த வீட்டுக்கா!

“சந்தைக்கு வந்தவரு, புள்ளைய ஒரு கண்ணு பாத்துட்டுப் போலாம்னு வாசல்லயே நின்னாருங்க. உள்ள வரமாட்டேன்னுதான் சொன்னாரு. அப்பறம் கண்ணாடியில அந்தச் செம்பப் பாத்தாரு பாருங்க, கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டாரு! ‘காசிக்குப் போயித் தலை முழுகிட்டுத்தான் ஊடு சேந்திருக்குதா எந்தங்கச்சி? இது தெரியாம ஒரு வருசமா வெறைச்சுக்கிட்டுத் திரிஞ்சனே’ன்னு சொல்லி ஒரே அழுகைங்க. உள்ள வந்து உக்காந்தாரு. ரெண்டு சொம்பு மோரு வாங்கிக் குடிச்சாரு.”

“மோரு குடிச்சாரா?”

“குடிச்சுப்போட்டு, ‘புதுசா வெட்டற எங்கெணத்துல ஈரந்தான் தட்டுது, ஊத்துத் தெறக்க மாட்டீங்குது. இந்தக் கெங்கைய ஊத்திப் பூசை போட்டா ஒடைச்சுக்கிட்டு வரும். நாளைக்கு உச்சிக்குள்ள மூணு பேரும் வந்தரோணும்னு சொல்லு’ன்னு சொல்லிச் செம்பத் தலைமேல வெச்சுக்கிட்டுப் போனாருங்க.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் ஈயம் வைத்து அடைத்த செம்பு காசியிலிருந்துதான் வரும். அதற்குள் கங்கைதான் இருக்கும். மூக்குப்பொடி டப்பியில் மூக்குப்பொடிதானே இருக்கும் என்று யாராவது திறந்து பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?

விஷயத்தைக் கேட்ட தீர்த்தகிரி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்சாதியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிவிட்டுக் காரை எடுத்தார்.

கார் மல்லசமுத்திரம் தாண்டி ராசிபுரம் சாலையில் ஓடியது. இரண்டு பக்கமும் சோளக்காடு கதிர் வாங்கி நின்றது. தீர்த்தகிரிதான் பேச்சை ஆரம்பித்தார்.

“இதுல என்ன கஷ்டம்? கெங்கைன்னே இருந்துட்டுப் போகட்டும். தண்ணி மேல பேரா எழுதியிருக்குது? மச்சான் மனசு இளகியிருக்கறாரு. சீரு வந்து சேரும். வாயத் தெறந்து கெடுத்துப்போடாதே.”

“மாமாகிட்டப் பொய் சொல்லி எனக்குச் சீரு வாங்கோணுமாப்பா?” என்றாள் பின்னால் இருந்த குஞ்சு.

“ஆரு பொய் சொல்லச் சொன்னா? சும்மா இருக்கச் சொல்றேன்.”

“சும்மா இருக்கறதும் உங்களுக்கு வராதே! வெனிசுல படகுக்காரங்கிட்ட சும்மா இருந்தீங்களா?”

அவ்வளவுதான், உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெனிஸில் ரயிலைவிட்டு இறங்கியதும் தெருவைத் தேடினால் தெரு முழுக்கத் தண்ணீர். மூட்டை முடிச்சோடு படியில் நின்று “வண்டி! வண்டி!” என்று கூப்பிட்டார் தீர்த்தகிரி. படகு வந்தது. கூலி பேச வேண்டாமா? பாஷை தெரியாது. மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரி படகுக்காரன் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அமுக்கினார். அவன் பயந்து கையை உதறினான். இவர் விடாமல் இன்னொரு விரலை அமுக்கினார். கடைசியில் அவனுக்கு விளையாட்டு பிடித்துப்போய், அவனும் விரலை அமுக்கி, அவனுடைய கூட்டாளிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டி, கூலி வாங்காமலே கொண்டுபோய்ச் சத்திரத்தில் விட்டான்.

“வெலை படிஞ்சுது பாத்தியா? அதான் தரகு!” என்றார் தீர்த்தகிரி, இன்றைக்கும் மார்தட்டிக்கொண்டு. “உங்கம்மா மட்டும் என்னவாம்? புளோரன்சுல படங் காட்டற மாளிகையில, வாசல்ல செருப்பக் கழட்டி உட்டுப்போட்டு வெறுங்காலோட நடந்தவதானே?”

“அத்தன தாயும் புள்ளையுமா சொவுரு பூராவும் எழுதி வெச்சிருந்தா, செருப்புக் காலோட எப்படீங்க போறது?” என்றாள் உண்ணாமலை. “அந்தக் காவக்காரரு நல்ல மனுசன். என் செருப்ப ஒரு நாக்காலி மேல எடுத்து வெச்சு, கூடவே நின்னுக்கிட்டிருந்தாரு.”

“பாரிசுல மாரக்காளக் கண்டுபுடிச்சதையும் சொல்லம்மா” என்றாள் குஞ்சு.

அது இன்னொரு கூத்து. பாரிஸில் ஒரு படம்; அறுப்பு முடிந்த காட்டில் மூன்று பெண்கள் குனிந்து கதிர் பொறுக்குகிறார்கள். “நடுவுல இருக்கறது நம்ம மாரக்கா!” என்று உண்ணாமலை சத்தம் போட்டுவிட்டாள். கடலைக்காடு பறித்த பிறகு மாரக்காள் குனிவதும் அப்படித்தான், அந்த முந்தானையும் அப்படித்தான். ஊர் வந்ததும் மாரக்காளிடம் சொன்னாள். அன்று முதல் மாரக்காள், “என்னைப் பாரிசுல படமா எழுதி மாட்டியிருக்குது” என்று தண்ணித் துறையில் சொல்லிக்கொண்டு, குடத்தை முன்னால் நீட்டுகிறாள். மற்றவர்களும் வழி விடுகிறார்கள்.

மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராசிபுரம் தாண்டியதும் உண்ணாமலையின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தச் சந்தோஷமெல்லாம் அந்தச் செம்புக்குள் இருந்தது. அது இன்னும் கொஞ்ச நேரத்தில் கிணற்றுக்குள் போகப்போகிறது. ‘கொடு’ என்று கேட்டால் அண்ணன் போவார். கேட்காவிட்டால் பொய்யில் ஒட்டிய அண்ணன்தான் மிஞ்சுவார். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது?

செல்லமுத்துவின் கிணற்றுமேட்டில் ஊரே கூடியிருந்தது. பொங்கல் பொங்கி இறக்கியாயிற்று. தப்பட்டைக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் செல்லமுத்து ஓடி வந்தார். அறுபதை எட்டப்போகிற மனுஷர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

“வந்துட்டியா சாமி! வாங்க மச்சான்! அம்மிணி குஞ்சு, எப்படி எளைச்சுப்போயிட்டே!”

தங்கை கையைப் பிடித்தவர் விடவில்லை. கிணற்று விளிம்புக்கு அப்படியே நடத்திக்கொண்டு போனார். அங்கே மஞ்சள் பூசி, பூச்சுற்றி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது செம்பு. பக்கத்தில் ஈயத்தை உடைக்க உளி.

செம்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் மனைவி முத்தாயம்மாள் நின்றிருந்தாள். உண்ணாமலை அவளை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். முத்தாயம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். ஒரே மகன் கந்தன் விஷக்காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. யாரையும் சொல்லவும் விட்டதில்லை. வேலை பார்ப்பாள், விருந்துக்குப் பரிமாறுவாள், சிரிப்பவர்களோடு நிற்பாள். அவள் மட்டும் சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள்.

“எடு அம்மிணி. கெங்கையில முழுகின கையி. உங்கையாலயே ஊத்து” என்று செம்பைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தார் செல்லமுத்து. தப்பட்டை எழும்பியது.

உண்ணாமலை செம்பை வாங்கினாள். பழக்கதோஷம், காதோரம் வைத்துக் குலுக்கினாள். களுக் என்றது. அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை.

“அண்ணா, இது கெங்கையில்லீங்க.”

“என்ன?”

“நாங்க காசிக்குப் போகலீங்க அண்ணா. இது சீமைத் தண்ணி. வெனிசு, பாரிசு, ரோமாபுரின்னு போன எடத்துலயெல்லாம் ஒவ்வொரு கையா அள்ளுனது.”

தப்பட்டை ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. செல்லமுத்து செம்பைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

“அப்பறம் ஏன் ஈயம் வெச்சே? ஈயம் வெச்சாக் காசிதானே?”

“சிந்தாம இருக்கறதுக்குங்க.”

செல்லமுத்துவின் முகம் கறுத்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தார். “அப்ப நேத்து உங்க ஊட்டுல நாங் குடிச்ச மோரு...”

“அது நம்ம எருமையோடதுங்க மச்சான். எருமை கப்பலேறல” என்றார் தீர்த்தகிரி.

கூட்டத்தில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். செல்லமுத்து சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். அவர் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். உண்ணாமலை செம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். போயிற்று, அண்ணன் போனார், மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனும் போனார்.

“ரோமாபுரியில எந்தத் தண்ணி?”

கேட்டது முத்தாயம்மாள். ஊர்க்கூட்டத்தில் அவளாக வாய் திறந்தது செல்லமுத்துவுக்கே அதிசயம். துண்டு பாதியில் நின்றது.

“கோயில் தண்ணிங்க நங்கையா” என்றாள் உண்ணாமலை. “பெரிய கோயிலு. உள்ள போனதும் வலது கைப் பக்கம் ஒரு செலை. வெள்ளக் கல்லு. ஒரு தாயி, மடியில வளந்த மகன். உசுரில்லீங்க அந்தப் பையனுக்கு. கை ஒண்ணு கீழ தொங்குது.” அவள் நிறுத்தினாள். சொல்லக் கூடாத பேர் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டாள். “நம்ம கந்தன ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டாந்து வாசல்ல எறக்குனப்ப நீங்க மடியில வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அதே மாதிரிங்க. எனக்கு நிக்க முடியல. எழவூட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி தரையில உக்காந்து, தலைய விரிச்சு, மாருல அடிச்சு, நம்மூரு ஒப்பாரிய ஓங்கி எடுத்துட்டேனுங்க.”

“கோயிலே நின்னு போச்சுங்க அத்தை” என்றாள் குஞ்சு. “எல்லாரும் எங்களையே பாத்தாங்க. அப்பா அம்மாவத் தூக்கப் போனாரு, முடியல. அப்ப அந்த ஊருப் பாட்டி ஒருத்தி, கறுப்புச் சீலைத்துணி முக்காடு போட்டவ, கிட்ட வந்து அம்மா பக்கத்துல தரையில உக்காந்தா. ஒரு வார்த்தை புரியாது. அம்மாவக் கட்டிக்கிட்டு அவளும் அவ பாஷையில அழுதா.”

“அவளுக்கு ஆரு போயிருந்தாங்களோ!” என்றாள் உண்ணாமலை. “அழுது முடிஞ்சதும் என்னக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, வாசப்பக்கம் கல்தொட்டியில இருந்த தண்ணியத் தொட்டு என் நெத்தியில வெச்சா. நான் அதுல ஒரு கை அள்ளி இதுல விட்டேன். அது கந்தனுக்காக விட்ட தண்ணிங்க.”

செல்லமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

முத்தாயம்மாள் மட்டும் அசையாமல் கேட்டாள். “கந்தனுக்கா? அத்தன தூரத்துலயா? கந்தனுக்கா அழுதே?”

மூன்று வருஷத்துக்குப் பிறகு மகன் பேர் அவள் வாயில் வந்தது. இரண்டு தரம் வந்தது.

“ஆமாங்க நங்கையா.”

முத்தாயம்மாள் குனிந்து உளியை எடுத்தாள். தன் கையாலேயே ஈயத்தைத் தட்டி உடைத்தாள். செம்பை உண்ணாமலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ஊத்து அம்மிணி. இதைவிட எந்தக் கெங்கை?” என்றாள்.

“ஒரு கை மிச்சம் வெச்சுக்கோ, புள்ளே” என்று தீர்த்தகிரி காதோடு சொன்னார். அவருக்கல்லவா தெரியும், அது அவளுக்கு என்னவென்று.

உண்ணாமலை மாட்டேன் என்று தலையாட்டினாள். வெனிஸும் பாரிஸும் ரோமாபுரியும் ஒரே தாரையாகக் கிணற்றுக்குள் போயின. காலிச் செம்பு கையில் கனமே இல்லாமல் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம், துக்கம் என்பதே இல்லை.

“என்றா பாத்துக்கிட்டு நிக்கறீங்க? அடிங்கடா!” என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார் செல்லமுத்து. தப்பட்டை கிளம்பியது பாருங்கள், பக்கத்துக் காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. செல்லமுத்து ஊரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “எல்லாரும் கேட்டுக்குங்க! இது கெங்கையில்ல. எந்தங்கச்சி எம்மவனுக்குச் சீமையில அழுது கொண்டாந்த தண்ணி! தை மாசம் எம்மருமவளுக்கு நாந்தான் மாமன் சீரு கொண்டுபோறேன். வண்டி கட்டிக்கிட்டு அத்தன பேரும் வரோணும்!”

குஞ்சு மாமன் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்திப் பொங்கலை வாயில் ஊட்டினார். தீர்த்தகிரிக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. ஊற்று நாளைக் காலை வெடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கு யாருக்கும் அந்த ஞாபகமே இல்லை.

முத்தாயம்மாள் உண்ணாமலையைச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“செலையில இருக்கற அந்தம்மா மூஞ்சி எப்படி இருந்துது? அழுகறாங்களா?”

உண்ணாமலை யோசித்துப் பார்த்தாள். “இல்லீங்க நங்கையா. அழுகல. சும்மா குனிஞ்சு மகனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

“நானும் அழுகல” என்றாள் முத்தாயம்மாள். “நெஞ்சு கல்லுன்னு ஊரு சொல்லுச்சு.” சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “நாம் போயி அந்தம்மாளப் பாக்கோணும் அம்மிணி. கிட்ட ஒக்காரோணும். கூட்டிட்டுப் போறியா?”

பின்னாலேயே வந்த செல்லமுத்து அதைக் கேட்டுவிட்டார். கடல் தாண்டினவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றவர், பெண்சாதியின் ஈரக் கன்னத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏனுங்க மச்சான், அடுத்த கப்பல் எப்பங்க?” என்று தீர்த்தகிரியைக் கேட்டார்.

தீர்த்தகிரி பெண்சாதியைப் பார்த்தார். ஐரோப்பாவில் சண்டை மூண்டுவிடும்போல் இருக்கிறது, கப்பல்கள் நின்றாலும் நிற்கும் என்று நேற்று அஸ்தம்பட்டியில் பேசியதை அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். உண்ணாமலை நங்கையாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளிடமா மறைப்பது?

“அங்க பெரிய சண்டை வரப்போகுதாமுங்க நங்கையா. எப்பப் போக முடியும்னு தெரியல.”

முத்தாயம்மாள் அவள் கையைத் திருப்பி இறுக்கினாள்.

“வந்தா வரட்டும். அந்தம்மா எங்க எந்திரிச்சுப் போயிரப் போறாங்க? நான் வார வரைக்கும் மகன வெச்சுக்கிட்டு உக்காந்துதானே இருப்பாங்க?”